கடற்கரையில குடும்பத்தை வரைஞ்சு லினோகட் பிரிண்ட் எடுக்குறது எப்படி: முழு வழிகாட்டி

குடும்பத்தோட பீச்சுக்கு போனா போட்டோல எல்லாரும் வரிசையா நின்னு கேமராவ பாப்பாங்க. ஆனா பல வருஷம் கழிச்சு நமக்கு ஞாபகம் வர்றது வேற. அம்மா புடவைய கணுக்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டு அலைக்கு ரெண்டடி தள்ளி நிக்கிறது, அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பேத்தியோட மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது, சித்தி காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து சுண்டல் பொட்டலத்தை மண்ணு விழாம மூடி வச்சுக்கிறது. இதெல்லாம் முகத்துல இல்ல, உடம்பு நிக்கிற உக்கார்ற விதத்துல இருக்கு. அதனால முகம் வரையத் தெரியாதவங்க கூட தங்களோட குடும்பத்தை நல்லா வரைய முடியும், அப்படி வரைஞ்சதை லினோங்கிற மெதுவான தகட்டுல உளியால வெட்டி, வெட்டாம மேடா நிக்கிற இடத்துல மை பூசி அச்செடுத்தா (இதுதான் லினோகட்) ஒரே படம் அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு, தங்கச்சி வீட்டுக்கு ஒண்ணு, ஊர்ல இருக்குற பெரியம்மாவுக்கு ஒண்ணுன்னு போகும், எல்லாமே ஒரிஜினல், யாருக்கும் ஜெராக்ஸ் கிடையாது. பெயிண்டிங்ல இந்த வசதி இல்ல. நான் பிரிண்ட் பக்கம் சாயுறதுக்கு முக்கிய காரணமே இதுதான்.

நான் சென்னைப் பக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர் கரையை மனசுல வச்சு எழுதுறேன், உங்க ஊர் கரைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

எப்போ போகணும், எங்க உக்காரணும்

கிழக்குக் கரையில சூரியன் கடல்ல இருந்து வருது. காலையில 6 மணியில இருந்து 7 மணி வரைக்கும் கடலைப் பாத்து உக்காந்தீங்கன்னா முன்னால நிக்கிறவங்க எல்லாரும் கறுப்பு நிழலா தெரிவாங்க, முகம் தெரியாது, உடம்போட வெளிக்கோடு மட்டும் பளிச்சுன்னு இருக்கும். லினோகட்டுக்கு இதை விட நல்ல வெளிச்சம் கிடையாது, ஏன்னா லினோகட்டே கறுப்பு வெள்ளைல யோசிக்கிற கலை, பாதி வேலைய சூரியனே முடிச்சுக் குடுத்துடுது. சாயங்காலம் சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி போயிடும், அப்போ புடவைக் கரை, லுங்கிக் கட்டம், பலூன் சுடுற கடை, மக்காச்சோள வண்டின்னு விவரம் நிறைய தெரியும், அது வேற ருசி. கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சல் பக்கம் இருக்குறவங்களுக்கு சூரியன் கடல் பக்கமா சாயுறதால இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். வரையிறவர் கண்ணு பேப்பர்ல இருக்கும், அதனால தண்ணியில விளையாடுற பிள்ளைங்களைப் பாத்துக்க வேற ஒரு பெரியவர் இருக்கணும். நம்ம கரைகள்ல கால இழுக்குற நீரோட்டம் ஜாஸ்தி. ஆள் இல்லைன்னா பிள்ளைங்க மண்ணுல வீடு கட்டுற நேரத்துல மட்டும் வரைங்க.

பையில என்ன இருக்கணும்

ஏ5 சைஸ் ஸ்கெட்ச் புக், 2பி ஒண்ணு 6பி ஒண்ணு பென்சில், தண்ணி பட்டா கரையாத ஒரு பிரஷ் பென், பேப்பர் பறக்காம இருக்க ரெண்டு பெரிய கிளிப், இது போதும். கரி வேணாம், கடல் காத்துல பாதி பறந்துடும் மீதி புடவையில ஒட்டிடும். புக்கை ஜிப் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, உப்புக் காத்து ஈரத்தை இழுத்து பேப்பரை நெளிய வச்சுடும். ரப்பரை வீட்லயே விட்டுட்டுப் போங்க, அழிச்சுட்டு இருக்குற நேரத்துல ஆள் எந்திரிச்சுப் போயிருப்பாங்க.

முதல்ல தொடுவானம்

பேப்பர்ல முதல் கோடு கடலும் வானமும் சேர்ற கோடு. இது எப்பவும் உங்க கண்ணு இருக்குற உயரத்துல இருக்கும். நீங்க நின்னு வரைஞ்சா உங்க உயரம் இருக்குற யாரா இருந்தாலும், பக்கத்துல நின்னாலும் நூறு அடி தள்ளி நின்னாலும், தொடுவானம் அவங்க கண்ணு வழியாத்தான் போகும் (கரை சமமா இருக்கணும், அவ்வளவுதான்). நீங்க மண்ணுல உக்காந்துட்டா கோடு கீழ இறங்கி, நிக்கிற பெரியவங்களுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழ வரும், ரெண்டு மூணு வயசுக் குழந்தைக்கு கழுத்து தலைப் பக்கம் வரும். இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா தூரத்துல இருக்குறவங்க மிதக்குற மாதிரி வராது, சைஸ் தானா சரியாயிடும். எனக்குப் பிடிச்சது உக்காந்து வரையறது, பெரியவங்க உடம்பு கடலைத் தாண்டி வானத்துக்குள்ள எழும்பி நிக்கும், குழந்தை கிட்டத்தட்ட முழுசா கடலுக்குள்ளயே அடங்கிடும், சொல்லாமலே ஒரு கதை வந்துடும்.

ஆளுங்களை வரையறது

பீச்சுல யாரும் போஸ் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் சொல்லாதீங்க. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம். தலை எங்க, தோள் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, உடம்போட பாரம் எந்தக் கால்ல இருக்கு, இந்த மூணை மட்டும் பிடிங்க. நகந்துட்டாங்கன்னா விட்டுட்டு அதே பக்கத்துல அடுத்த ஆளைத் தொடங்குங்க, மனுஷங்க ஒரே மாதிரி நிலைக்கு திரும்பத் திரும்ப வருவாங்க, அப்பா கொஞ்ச நேரத்துல மறுபடியும் கைய பின்னாடி கட்டிட்டு நிப்பாரு, அப்போ பழைய கோட்டுக்குத் திரும்பிப் போய் முடிச்சுக்கலாம். ஒரு பக்கத்துல ஏழெட்டு பேர் அரைகுறையா இருந்தா அது நல்ல பக்கம்.

அடுத்தது, ஆளையும் ஆளையும் தனித்தனியா வரையாம அவங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளிய வரைங்க. தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவுல தெரியுற அந்த முக்கோணத் துண்டு கடல், அதோட வடிவம் சரியா வந்துட்டா ரெண்டு பேரும் சரியா வந்துடுவாங்க. நாலஞ்சு பேர் நெருக்கமா உக்காந்திருந்தா ஒவ்வொருத்தர் கை காலையும் பிரிச்சுக் காட்டணும்னு அவசியமே இல்ல, எல்லாரையும் ஒரே திட்டா நிரப்பிட்டு வெளிக்கோட்டுல மட்டும் தலை, கொண்டை, முழங்கால், பிளாஸ்கு நீட்டிட்டு இருக்குற மாதிரி விடுங்க.

கடலுக்கு வந்தா, அலை மேல பாதி நேரம் போதும், மீதி நேரத்தை ஈர மணலுக்கு வைங்க. அலை திரும்பிப் போனதும் நுரை ஒரு வளைஞ்ச கோட்டை விட்டுட்டுப் போகும், அதுக்குள்ள மணல் கறுத்து கண்ணாடி மாதிரி இருக்கும், நிக்கிறவங்க கால் அதுல தலைகீழா தெரியும். இந்த வளைவுகள்தான் படத்துக்குள்ள கண்ணை இழுத்துட்டுப் போகும். அலைல எழும்பி நிக்கிற முன்பக்கம் இருட்டு, உச்சியும் உடைஞ்ச நுரையும் வெளுப்பு, இந்த ரெண்டு மட்டும் போதும். படகு வரையறவங்க மூக்கு எவ்வளவு தூக்கி இருக்குன்னு கவனிங்க, ஃபைபர் போட்டோட அழகே அதுல இருக்கு. குப்பத்துப் பக்கம் போய் வலை சரி பண்றவங்களை வரையறதா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்க, "அண்ணா, வரையலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க, வரைஞ்சதைக் காட்டினா வலையோட முடிச்சு எப்படிப் போடுறதுன்னு அவங்களே திருத்தியும் குடுப்பாங்க.

ஸ்கெட்ச்சை அச்சுக்கு ஏத்தபடி மாத்துறது

வீட்டுக்கு வந்ததும் உடனே வெட்ட உக்காராதீங்க. ஸ்கெட்ச்ல சாம்பல் நிறம் இருக்கும், லினோல கிடையாது, மை இருக்கு இல்லைன்னா பேப்பர் இருக்கு. அதனால ஒரு ட்ரேசிங் பேப்பரை ஸ்கெட்ச் மேல வச்சு மார்க்கரால கறுப்பு எதுன்னு முடிவு பண்ணி நிரப்புங்க. உள்ளங்கை சைஸ்ல மூணு நாலு மாதிரி பண்ணிப் பாருங்க: ஆள் கறுப்பு கடல் வெளுப்பு, கடல் கறுப்பு ஆள் வெளுப்பு, வானம் மட்டும் கறுப்பு இப்படி. எது தூரத்துல இருந்து பாத்தாலும் புரியுதோ அதை எடுங்க.

இந்த இடத்துல ரெண்டு பேரோட படங்களைப் பாக்கச் சொல்வேன். ஜெர்மனியோட கேத்தே கோல்விட்ஸ், 1914ல மகனைப் போர்ல பறிகொடுத்தவங்க, 1921-22ல போரைப் பத்தி வெட்டின மரச்செதுக்கு அச்சு வரிசையில தாய்மார்கள் எல்லாம் பிள்ளைங்களை நடுவுல வச்சு நெருக்கி நிக்கிற ஒரு படம் இருக்கு. அத்தனை பேர் உடம்பும் ஒரே கறுப்பு மொத்தை, முகமும் கையும் மட்டும் வெட்டி வெளுப்பா எடுத்திருக்காங்க, ஒட்டிக்கிட்டு நிக்கிற குடும்பத்தை இதுக்கு மேல யாரும் சொல்ல முடியாதுன்னு நான் நம்புறேன். இன்னொண்ணு ஜப்பானோட ஹொகுசாய் 1831 வாக்குல பண்ண பெரிய அலை. அந்த அலையைத்தான் எல்லாரும் பாப்போம், ஆனா அதுல மூணு படகும் அதுக்குள்ள குனிஞ்சு ஒட்டிட்டு இருக்குற துடுப்பு போடுறவங்களும் இருக்காங்க. முகம் புள்ளி அளவுதான், ஆனா குனிஞ்ச முதுகுகளைப் பாத்தாலே பயம் தெரியுது.

அப்புறம் எல்லாரும் மறக்குற விஷயம்: அச்சுல படம் இடம் வலமா மாறும். கடல்ல இது தெரியாது, குடும்பத்துல நல்லா தெரியும். அம்மாவோட முந்தானை இடது தோள்ல இருந்து வலது தோளுக்குப் போயிடும், பாட்டி இடது கையால சாப்பிடுற மாதிரி வந்துடும், படகு மேல எழுதின பேரு கண்ணாடி எழுத்தாயிடும், வீட்ல முதல்ல இதைத்தான் கேப்பாங்க. வழி சுலபம். ட்ரேசிங் பேப்பர்ல 6பி பென்சிலால அழுத்தி வரைஞ்சு, அதை அப்படியே குப்புற லினோ மேல வச்சு பின்பக்கம் ஒரு ஸ்பூனால தேய்ங்க, பென்சில் கோடு தகட்டுல தலைமாறி இறங்கும், அச்செடுக்கும்போது மறுபடி மாறி சரியா வந்துடும்.

லினோவும் உளியும்

லினோங்கிறது ஆளி விதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள் இதெல்லாம் சேத்து சணல் துணி மேல படிய வச்ச தகடு. தரைக்குப் போடுற பிளாஸ்டிக் விரிப்பு இது இல்ல, அதுல வெட்டினா உளி வழுக்கும். ஆர்ட் சாமான் கடையில சுமார் 3 மில்லி மீட்டர் தடிமன்ல கிடைக்கும். முதல் தடவைக்கு 15க்கு 20 சென்டிமீட்டர் அளவு சரியா இருக்கும், அதை விடச் சின்னதா எடுத்தா விரல் அளவு ஆளுங்களை வெட்ட கஷ்டப்படுவீங்க. லினோ கெட்டியா இருந்தா கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க, இளகிடும். ரப்பர் மாதிரி மெதுவான பிளாக்கும் விக்கிறாங்க, கைக்கு சுலபம், ஆனா மெல்லிசு கோடு அதுல லினோ அளவுக்கு நிக்காது.

உளி ரெண்டு வகை போதும், கோட்டுக்கு வி வாய் உளி, பெரிய இடத்தைக் காலி பண்ண யு வாய் உளி. கூர்மையா இருக்கணும், மொண்ணை உளிதான் கையக் கிழிக்கும், ஏன்னா அதுக்குத்தான் ஜாஸ்தி அழுத்தம் குடுப்போம். பழைய பெல்ட் தோல்ல மெட்டல் பாலிஷ் தடவி நாலு இழுப்பு இழுத்தா கூர்மை திரும்ப வந்துடும்.

வெட்டுறது

தொடங்குறதுக்கு முன்னாடி தகட்டு மேல ஒரு மார்க்கர் கலரை லேசா பூசிடுங்க, வெட்டின இடம் பளிச்சுன்னு தெரியும், படம் எப்படி வருதுன்னு அப்பப்போ பாத்துக்கலாம். தகட்டை மேஜை விளிம்புல மாட்டுற ஒரு மரக்கட்டையில முட்டுக் குடுத்து வைங்க. பிடிக்கிற கை எப்பவும் உளிக்குப் பின்னாடி இருக்கணும், முன்னாடி ஒரு விரல் கூட வரக்கூடாது, இதுல சமரசமே கிடையாது. உளியைப் படுத்து பிடிங்க, ஒரு மில்லி மீட்டர் ஆழம் போதும், சணல் தெரியுற அளவுக்குப் போகாதீங்க. வளைவு வந்தா கைய வளைக்காம தகட்டைத் திருப்புங்க, அலைக் கோடு அப்போதான் ஒரே இழுப்புல வரும்.

வரிசை இது: முதல்ல வி உளியால வெளிக்கோடு எல்லாத்தையும் ஓட்டிடுங்க, அப்புறம் முடி, புடவை மடிப்பு, நுரை மாதிரி நுணுக்கம், கடைசியா யு உளியால பெரிய வெளுப்பு இடங்களைக் காலி பண்ணுங்க. மெல்லிசா நிக்க வேண்டிய கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சுவர் வெளிப்பக்கம் சரியிற மாதிரி வெட்டணும், அடியில குடைஞ்சுட்டா மை பூசுற ரோலர் பட்டதும் கோடு பிஞ்சு போயிடும்.

உளி போற திசைதான் இங்க பிரஷ்ஷோட வேலையைப் பாக்குது. கடலுக்கு படுக்கை வெட்டு, தொடுவானத்துக்கிட்ட நெருக்கமா மெல்லிசா, கிட்ட வர வர அகலமா. ஈர மணலுக்கு நீளமா சில கீறல், காய்ஞ்ச மணலுக்கு யு உளி முனைய நட்டு ஒரு திருப்பு திருப்பினா சின்னச் சின்ன புள்ளி. வானத்தைக் காலி பண்ணும்போது அங்கங்க மிஞ்சுற மேட்டுல கொஞ்சம் மை பிடிச்சு கோடு கோடா வரும், அதை எல்லாம் சுத்தமா எடுத்துடாதீங்க, எல்லாம் ஒரே திசையில இருந்தா காத்து அடிக்கிற மாதிரியே இருக்கும். முகத்துக்கு ஒரே ஒரு வெட்டு, நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் வெளிச்சம் படுற ஓரம், அதோட நிறுத்திடுங்க. கண்ணு மூக்கு வாய்னு போனா அந்த முகம் யாரோட முகமாவும் இருக்காது, சும்மா விட்டா வீட்ல இருக்குறவங்க அது யாருன்னு தோளை வச்சே சொல்லிடுவாங்க.

மை போட்டு அச்செடுக்குறது

தண்ணி மை வாங்கினா நம்ம வெயில்ல மை பரப்புற கண்ணாடி மேலயே காய்ஞ்சுடும், ஃபேன் கீழ இன்னும் மோசம். எண்ணெய் மைதான் நிதானமா வேலை பண்ண விடும். சோப்புல கழுவுற மாதிரி எண்ணெய் மையும் ஆர்ட் கடையில வருது, விலை ஜாஸ்தி. அச்சகத்துக்கு மை சப்ளை பண்ற கடையில கிடைக்கிற ஆஃப்செட் கறுப்பு டின்னை வாங்கினாலும் நல்லா வரும், ஒரு டின் ரொம்ப காலத்துக்கு ஓடும், மூடும்போது மை மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி மூடினா ஆடை கட்டாது.

கண்ணாடித் துண்டு இல்லைன்னா வழவழப்பான டைல்ஸ் மேல கொஞ்சூண்டு மை வச்சு ரோலரால எல்லாத் திசையிலயும் ஓட்டுங்க. சர்ர்னு மெல்லிசா ஒரு சத்தம் வரும், பாத்தா வெல்வெட் துணி மாதிரி இருக்கும், அதுதான் அளவு. பச்சு பச்சுன்னு கெட்டியா சத்தம் வந்தா மை ஜாஸ்தி, நுணுக்கமெல்லாம் அடைச்சுக்கும். தகட்டுக்கு ஒரே தடவையில பூசாம மெல்லிசா அஞ்சாறு தடவை ஓட்டுங்க.

பேப்பர் விஷயத்துல, கையால தேய்க்கிறதா இருந்தா மெல்லிசு பேப்பர்தான் நல்லது, 100 ஜிஎஸ்எம்முக்குள்ள (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு). புதுச்சேரியில கையால செய்யுற காகிதம் அழகா இருக்கும், அதுல சொரசொரப்பு கம்மியா இருக்குறதா பாத்து எடுங்க. சோதனைக்கு நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அடிக்கிற பேப்பர் போதும். ஒரு அட்டையில தகட்டோட அளவையும் பேப்பரோட அளவையும் கோடு போட்டு வச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உக்காரும். பேப்பரை மேல போட்டதும் நகத்தாதீங்க, உள்ளங்கையால ஒரு தடவை தடவிட்டு மரக் கரண்டியோட முதுகால நடுவுல இருந்து ஓரத்துக்கு வட்ட வட்டமா தேய்ங்க. ஒரு கையால பேப்பரை அழுத்திப் பிடிச்சுட்டு ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்க, வெளிறி இருந்தா மறுபடி இறக்கித் தேய்க்கலாம். முதல் ரெண்டு மூணு அச்சு மங்கலாத்தான் இருக்கும், லினோ மைய உள்வாங்கிக்கிற வரைக்கும் அப்படித்தான். அந்த அச்சுகளைச் சுவத்துல ஒட்டி தள்ளி நின்னு பாருங்க, இன்னும் எங்க வெட்டணும்னு அதுவே சொல்லும், வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாதுங்கிறதால கொஞ்சம் கொஞ்சமா போங்க.

காயப் போட கயிறு கட்டி கிளிப்ல தொங்க விடுங்க. எண்ணெய் மை காய சாதாரணமா சில நாள் ஆகும், மழைக்காலத்துல, அதுவும் கடலோர வீடுன்னா, ஒரு வாரத்துக்கு மேலயும் போகும், அவசரப்பட்டு அடுக்கிடாதீங்க. சாமானைக் கழுவ முதல்ல சமையல் எண்ணெய் விட்டு துணியால துடைச்சுட்டு அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பு, மண்ணெண்ணெய் நாத்தம் வீட்ல தேவையில்ல.

கலர் வேணும்னா

முதல் படத்துக்கு ஒரு கலரே போதும்னு நான் சொல்வேன். ஆசைப்பட்டா சுலபமான வழி, கண்ணாடியில அடர் நீலமும் ஆரஞ்சும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே ரோலரால ஓட்டி ரெண்டும் நடுவுல கலக்குற மாதிரி பண்ணி, வெட்டாத ஒரு வெறும் தகட்டுல பூசி முதல்ல அச்செடுக்கணும், விடியக்காலை வானம் வந்துடும். அது காய்ஞ்சப்புறம் அதுக்கு மேல நீங்க வெட்டின தகட்டைக் கறுப்பு மையில அச்செடுக்கணும். ஒரே தகட்டைக் கொஞ்சம் வெட்டி ஒரு கலர், இன்னும் வெட்டி அடுத்த கலர்னு போற முறையும் இருக்கு, பிக்காஸோ 1950கள் கடைசியில பிரான்ஸ்ல இதை நிறைய பண்ணாரு, ஆனா அதுல தகடு முடிஞ்சு போயிடும், பின்னாடி இன்னொரு உறவுக்காரங்க கேட்டா குடுக்க முடியாது. குடும்பப் படத்துக்கு அது ஒத்து வராது.

பிள்ளைங்களுக்கு

சின்னப் பிள்ளைங்க கையில உளி குடுக்கக் கூடாது. தெர்மாகோல் தட்டோட தட்டையான பாகத்துல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி மீனோ படகோ வரையச் சொல்லுங்க, அதே ரோலர் அதே மை, அச்சு உடனே வந்துடும். இன்னும் குஷி வேணும்னா மீனையே அச்செடுங்க, ஜப்பான்ல மீன் பிடிக்கிறவங்க 19ஆம் நூற்றாண்டுல பிடிச்ச மீனோட அளவைப் பதிவு பண்ண ஆரம்பிச்ச பழக்கம் இது. செதில் பெருசா தெரியுற சங்கரா மீன் இதுக்கு அருமையா வரும். உப்பு போட்டுக் கழுவி வழவழப்பு போக நல்லா துடைச்சு, துடுப்பை விரிச்சு வச்சு, போஸ்டர் கலரை மெல்லிசா பூசி, மெல்லிசு பேப்பரை மேல போட்டு விரலால அழுத்தணும். அந்த மீனைச் சமைக்காதீங்க, குழம்புக்கு வேற மீன் வாங்கிக்கோங்க.

நம்பர் போட்டு குடுக்குறது

எத்தனை வீட்டுக்குக் குடுக்கணும்னு முன்னாடியே எண்ணிட்டு அதை விட ரெண்டு மூணு ஜாஸ்தியா எடுங்க. காய்ஞ்சதும் படத்துக்குக் கீழ பென்சிலால இடது பக்கம் 3/12ன்னு எழுதினா பன்னெண்டுல மூணாவதுன்னு அர்த்தம், நடுவுல படத்தோட பேரு, வலது பக்கம் கையெழுத்தும் வருஷமும். பேரு வைக்கும்போது கரையோட பேரையும் நேரத்தையும் போடுங்க, "திருவான்மியூர், காலை" இப்படி. தபால்ல அனுப்பறதா இருந்தா மடிக்காம ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு அனுப்புங்க. தகட்டைத் துடைச்சு பரப்பி வைங்க, சுருட்டினா வெடிச்சுடும், வெயில் படாத அலமாரியில இருந்தா நல்லா இருக்கும், பின்னாடி வீட்டுக்கு மருமகளோ மருமகனோ வந்து எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டா, எண்ணிக்கையில சேக்காம தனியா ஒண்ணு எடுத்து அவங்க பேரை எழுதிக் குடுத்துடலாம்.